வலப்பக்கம் பைண்டிங் போட்ட புத்தகம்

எங்கள் சாதிக்கு உள்ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மனுக் கொடுத்த அந்த மார்கழியில், கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கும் மனு எல்லா ஊருக்கும் ஒரே வாசகம். பெயரும் ஊரும் எழுதும் இடம் மட்டும் காலி. கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்து மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார்கள். நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். மனுக்களைப் பற்றிய செய்தியை அனுப்பிவிட்டு அதே கடை வரிசையில் நின்றேன். என் பென் டிரைவில் மனு இல்லை. 'மாங்கா' என்கிற ஜப்பானியப் படக்கதை, காதல் கதை ஒன்றின் கடைசிப் பாகம் இருந்தது.

அதைக் கேட்டவள் என் சித்தப்பா மகள். நர்சிங் கடைசி ஆண்டு. கொரோனாவுக்காகக் கல்லூரியை மூடியதால், ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊரில் வீட்டில் இருந்தாள். அந்தப் படக்கதையை யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போட, செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து வந்தாள். கடைசிப் பாகத்தைத் தொடும் நேரத்தில் போன் பறிபோனது. அவளோடு படித்த வெள்ளிமலைப் பையன் ஒருவன் அனுப்பிய செய்தி சித்தப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவன் மலைக்காரன், நம் சாதியில்லை. வேறு காரணம் தேவைப்படவில்லை. போன் பீரோவுக்குள் போனது. சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில்.

சித்தப்பா அடிக்கவில்லை. நிபந்தனை ஒன்றுதான் வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வருவார். அவர் முன்னால் "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் படிப்பை முடிக்கலாம். சொல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, தையில் திருக்கோவிலூர் மாப்பிள்ளை.

முந்தின வாரம் நான் போயிருந்தபோது அவள் என்னிடம் கேட்டது வேறு. "கடைசிப் பாகத்த மட்டும் பிரிண்ட் எடுத்துக்கினு வாக்கா. அது எப்படி முடியுதுன்னு தெரியாம என்னால இவங்ககிட்ட பேச முடியாது."

சிறுபிள்ளைத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எடுத்தேன்.

"இது வலமிருந்து இடமா படிக்கறது பாய். பைண்டிங் வலப்பக்கம் வரணும்" என்றேன்.

"அவ்ளோதானே? அரபி ஓதற புள்ளைங்க புஸ்தகத்துக்கெல்லாம் அப்படித்தானே போடறேன்" என்றார் கடைக்காரர். பக்கத்து இயந்திரத்தில் மனுக்கள் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு கட்டும் ஒரே மேசையில். ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்துக் கொடுத்தார்.

அவள் ஊருக்குப் போக நான் ஏறிய திருக்கோவிலூர் பஸ் பாதி வழியில் நின்றது. முன்னால் உள்ஒதுக்கீட்டு மறியல். கரும்பு டிராக்டர்களும் பால் வண்டியும் எங்களுக்குப் பின்னால் வரிசை கட்டின. வேறு வேலையில்லாததால் புத்தகத்தைத் திறந்து படித்தேன்.

பனி கொட்டும் ஒரு மலை ஊர். பையன் சைக்கிளில் வீடு வீடாகப் போய் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன். பெண் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள். அவள் அப்பாவுக்குப் பிடிக்காத உறவு. வீட்டை விட்டு வந்து அவனோடு ஒரு அறையில் குடியிருக்கிறாள். கடைசிப் பாகத்தில், பனியில் சரிவு ஒன்றில் சைக்கிள் சறுக்கி அவன் இறந்துபோகிறான். உடலுக்குப் பக்கத்தில் அப்பா வந்து நின்று, போதும், வீட்டுக்கு வா என்கிறார். அவள் பதில் சொல்வதில்லை. மறுநாள் அந்தச் சைக்கிளை எடுத்து, கேனைக் கட்டி, அவன் போன வீடுகளுக்கே போகிறாள். கடைசிப் பக்கத்தில் மனிதர் யாருமில்லை. வெள்ளைச் சரிவும், அதில் மேலே ஏறிப்போகும் ஒற்றைச் சைக்கிள் தடமும்தான்.

புத்தகத்தை மூடினேன். இதை எப்படி அவளிடம் கொடுப்பது என்று பயமாக இருந்தது. எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட சாவுகளை ஒற்றைப் பத்திச் செய்தியாக நானே எழுதியிருக்கிறேன். பெண் பெயர், வயது, ஊர், கடைசியில் "போலீசார் விசாரித்து வருகின்றனர்". வீடுகளில் அவற்றைப் பெண்பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார்கள்.

வெளியே மறியல்காரர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் சித்தப்பாவும் இருந்தார். பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"நீ வூட்டுக்குப் போம்மா, சித்தி இருக்கா. எங்கள மண்டபத்துல வெச்சிட்டு சாயங்காலம் வுட்டுடுவாங்க."

"சாப்பாடு?"

"லெமன் சாதம்னு சொல்லிக்கினாங்க. வேணும்னா நீயும் ஏறு."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழி திறந்தது.

வீட்டில் சித்தி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தங்கச்சி கையை நீட்டுவதற்குள் புத்தகம் சித்தியின் மடிக்குப் போய்விட்டது. சித்திக்கு ஆங்கிலம் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். எல்லாப் புத்தகத்தையும் திறக்கிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து திறந்தாள்.

"இன்னாடி இது, எடுத்த ஒடனே வெறும் வெள்ளயா கீது?"

"பனிம்மா."

புரட்டினாள். "இவ ஒண்டியா சைக்கிள் வுட்டுக்கினு போறா. பாவம்." இன்னும் புரட்டினாள். "அய்யோ, யாரோ செத்துக் கெடக்கறான். பக்கத்துல நிக்கறது இவ அப்பன் போல, மூஞ்சப் பாரு, உங்கப்பனாட்டமே." அவரைக்காயை மறந்துவிட்டாள். சில பக்கங்கள் கழித்துக் குரல் மாறியது. "ஏய், எழுந்துட்டாண்டி! சாப்பிடறான் பாரு." பிறகு நிற்காமல் கடைசிவரை புரட்டினாள். கடைசியில், அதாவது அந்தப் பாகத்தின் முதல் பக்கத்தில், பையன் சாப்பாட்டுக் கடை வாசலில் கேனோடு நின்று சிரிப்பான்.

"நல்ல கததான். செத்தவனே பொழச்சி வந்து வேலைக்குச் சேந்துட்டான். இத்தப் படிச்சா இன்னா தப்பு?" என்று புத்தகத்தை மகளிடம் கொடுத்தாள்.

நான் வாயைத் திறந்தேன். தங்கச்சி என் கையை அழுத்தினாள்.

அவள் அதை மாட்டுக் கொட்டகைப் பக்கம் எடுத்துக்கொண்டு போய், சரியான பக்கத்திலிருந்து படித்தாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது அழுது முடித்திருந்தாள்.

"சித்தி பாத்த மாதிரியே வெச்சிக்கயேன். பின்னாலேர்ந்து பாத்தா நல்லா முடியுது" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. "எதுக்குக்கா? செத்தவன் செத்தவன்தான். எனக்குப் பொய் வேணாம். இந்த முடிவுல இன்னா கொறச்சல்?"

"அவன் செத்துட்டானே."

"பனியில வழுக்கி வுழுந்து செத்தான். அவள நெனச்சதால சாவல. நீங்க பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணாக்கிடறீங்க. காதலிச்சா, செத்தா, அவ்ளோதான்." கடைசிப் பக்கத்தை என் முன்னால் விரித்தாள். "அவங்கப்பன் வந்து நின்னான் இல்ல? இவ தல குனிஞ்சாளா? தெரியாமப் பண்ணிட்டேன்னு சொன்னாளா? தடத்தப் பாரு. மேலதான் போவுது, எறங்கல. இத்தவிட இன்னா நம்பிக்கை வேணும் ஒருத்திக்கு?"

பஸ்ஸில் நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தேன். வெள்ளையும் கோடும் என்று மட்டும் பார்த்திருந்தேன்.

மாலையில் சித்தப்பா வந்தார். கைதானதில் களைப்பு, லெமன் சாதத்தில் உப்பு ஜாஸ்தி என்று குறை. மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, இதுல நம்ம மனு ஒண்ணு கெடக்குதே. ஜப்பான்காரனும் உள்ஒதுக்கீடு கேக்கறானா?"

கடைக்காரர் ஒரு மனுவையும் சேர்த்துத் துளை போட்டுவிட்டிருந்தார்; முன் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் மூவர் கண்ணிலும் படவில்லை. மகளும் சிரித்துவிட்டாள். போன் பறிபோன நாளிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான் என்று சித்தி பிறகு சொன்னாள்.

அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு உதவவில்லை. நானும் போயிருந்தேன். தாய்மாமன் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திருக்கோவிலூர் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் கரும்பு என்று சொல்லி முடித்தார். பிறகு, "கூப்பிடு" என்றார். அவள் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்ததாண்டி. சொல்லிட்டுப் போய் படி" என்றார் சித்தப்பா. கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"சொல்ல மாட்டேம்ப்பா."

"இன்னாது?"

"நான் யாரையும் ஏமாத்தல. வூட்ட வுட்டு ஓடல. ஒருத்தனப் புடிச்சிருக்குதுன்னேன். அத்தத் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"பொட்டப் புள்ளைக்கு இம்மாம் வாயா?" என்றார் மாமன்.

அவள் மாமனைப் பார்க்கவேயில்லை. "உன்ன மண்டபத்துல வெச்சிருந்தாங்களே, அப்ப போலீஸ்காரன் வந்து, ரோட்டுல ஒக்காந்தது தப்புன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போன்னா, நீ சொல்லியிருப்பியா?"

"அது வேற. அது நம்ம சனத்துக்காகக் கேட்டது."

"நான் சனமில்லையா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"அந்தக் கதையில செத்தவனே எழுந்து வந்துட்டான். இவ உசுரோட நின்னு பேசிக்கினு இருக்கறா. பரீட்ச எழுதட்டும் வுடுங்க. இன்னா ஆயிடப் போவுது?"

மாமனுக்கு என்ன கதை என்று புரியவில்லை. கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சித்தப்பா எழுந்தார். "பரீட்ச எழுதட்டும். போன் கெடையாது" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போனார். அதன்பின் திருக்கோவிலூர் மாப்பிள்ளை வீட்டுக்கு யாரும் பதில் அனுப்பவில்லை.

படக்கதை மாதிரியே இதிலும் பையன் நிலைக்கவில்லை. சித்திரையில் வெள்ளிமலைப் பையன் என் எண்ணுக்கு அழைத்தான். நான் தங்கச்சி பக்கத்தில் இருந்தேன். போனைக் கொடுத்தேன். அவன் வீட்டில் சம்மதிக்கவில்லை, மலையிலேயே பெண் பார்த்துவிட்டார்கள், எதிர்த்துப் பேசத் தன்னால் முடியவில்லை என்றான். அவள் கடைசிவரை கேட்டாள். "சரி. நல்லா இரு" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆறுதல் சொல்ல நான் வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

"காதல் தோல்வின்னு மட்டும் எழுதிடாதக்கா."

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. தாலுகா நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் வந்தால் அடிப்பேன். தலைமை அலுவலகத்தில் மறுபடி சேர்ப்பார்கள். அடுத்த செய்தியில் மறுபடி அடிப்பேன். அங்கிருந்து ஒருவர் போனில் கேட்டார், வேறு என்ன போடுவது என்று. இறந்தார் என்று போடுங்கள், யார் மிரட்டினார்கள் என்று விசாரித்துப் போடுங்கள், தோற்றது யார் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றேன். நீங்கள் செய்தி எழுதுகிறீர்களா, கட்டுரை எழுதுகிறீர்களா என்றார். அடிப்பதை நான் நிறுத்தவில்லை.

ஊரில் யாரும் சும்மா இருக்கவில்லை. அவனே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான், இப்போதாவது தப்பு என்று ஒத்துக்கொள்ளலாமே என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். "அவன் போனது அவன் முடிவு. நான் சொன்னது சொன்னதுதான்" என்பாள். தேர்வெழுதித் தேறினாள். வெள்ளிமலை அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ் வேலை கிடைத்தது. அங்கேயா போகிறாய் என்று சித்திகூடக் கேட்டாள். வேலை அங்கேதான் இருக்கிறது என்றாள் இவள்.

இதற்கிடையே உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்திருந்தது. பட்டாசு வெடித்தார்கள். மழைக்காலத்தில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அவள் மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நனைந்த குடையோடு தாய்மாமன் வந்து உட்கார்ந்தார்.

"அத்தன நாள் வெயில்ல ரோட்டுல கெடந்தியே மச்சான், இன்னா கெடச்சுது? எல்லாம் தண்டம். பேசாம பொழப்பப் பாத்திருக்கலாம்."

சித்தப்பாவுக்கு முகம் சிவந்தது. "கெடச்சாத்தான் கேட்டது சரியா? கெடைக்காட்டி கேட்டதே தப்புன்னு ஆயிடுமா? இன்னா பேசற நீ?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள், கையில் மடித்த புடவையோடு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுப்பா."

"போடி. பஸ்ஸு போயிடப் போவுது."

"பஸ்ஸு நாளைக்கித்தான்."

சித்தப்பா பீரோவைத் திறந்து போனை எடுத்து வந்தார். சார்ஜ் இறங்கிக் கல்லாகக் கிடந்தது. "எடுத்துக்கினு போ. மலையில டவர் கெடைக்காது, அது வேற" என்றார். அவள் வாங்கவில்லை. "வெச்சிக்கோ. சம்பளத்துல நான் வாங்கிக்கறேன்." மாமன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சித்தி பெட்டியை எட்டிப் பார்த்தாள். "அந்தப் பையன் பொழச்சி வந்த கத? எடுத்துக்கினியா?"

"எடுத்துக்கினேம்மா."

மறுநாள் நானும் அவளோடு போனேன். கச்சிராயபாளையத்தில் பஸ் நிரம்பியது. கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கின. சாமை மூட்டையை வண்டிக்குள் தள்ளிவிட்டு ஏறிய ஒரு மலைக்காரப் பெண், இவள் பெட்டியையும் இவளையும் பார்த்தாள்.

"யாரு வூட்டுக்கும்மா போற?"

"யாரு வூட்டுக்கும் இல்லங்க. ஆஸ்பத்திரிக்கு. வேலைக்கு" என்று சொல்லி, அந்தப் பெண் உட்காரப் பெட்டியை நகர்த்தினாள்.