மாதுங்கா ஹாலில் அண்ணாவின் கிடார்

பம்பாய் செம்பூரில் எங்கள் மாடிவீட்டுப் பையன் எலெக்ட்ரிக் கிடாரில் வயரைச் செருகினால், வாசிப்புக்கு முன்பு ஓர் உறுமல் கேட்கும். நேற்று மாடிப்படியில் அது கேட்டதும், என்னோடு ஏறிக்கொண்டிருந்த அவனுடைய தாத்தா நின்றுவிட்டார்.

"அறுபதுகள்ல மாதுங்கா ஹால்ல நாலு பசங்க ப்ளூஸ் ராக் வாசிச்சா. அதுல கிடார் ஒரு தமிழ்ப் பையன். சிநேகிதாள்லாம் கூடினா எங்களுக்கு இன்னிக்கும் அவன் வாசிச்ச அழகுதான் பேச்சு."

அந்தத் தமிழ்ப் பையன் என் அண்ணா.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஞாயிறு பிற்பகல், மாதுங்கா ஹாலில் கச்சேரி. சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் வாசனை முன்வரிசை வரை வந்தது. அண்ணாவின் டெரிலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசிப் பாட்டில் ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். கல்கத்தா ஹோட்டல் ஒன்று அண்ணாவின் குழுவை வாசிக்கக் கூப்பிட்டிருந்தது.

அண்ணாவை அனுப்புவதா என்று தீர்மானிக்க, வீட்டில் அப்பா பேப்பரை நான்காக மடித்துவிட்டு என்னைக் கேட்டார். "நீ பொய் சொல்ல மாட்டே. ஜனங்களுக்குப் பிடிச்சுதா?"

அண்ணா கல்கத்தா போய்விடுவானே என்று பயம். "பாதியிலயே எல்லாரும் எழுந்து போயிட்டாப்பா" என்றேன்.

"இவ பொய் சொல்றாப்பா!" என்றான் அண்ணா. அப்பா என்னைத்தான் நம்பினார்.

குழு வேறொருவனோடு கல்கத்தா போனது. அண்ணா அம்பர்நாத்தில் ஃபாக்டரி குமாஸ்தாவாகி அங்கேயே ரிடையர் ஆனான். கிடாரை மறுபடி தொடவில்லை.

நேற்றே அவனுக்குப் போன் செய்து, தாத்தா சொன்னதைச் சொன்னேன்.

"அவர்கிட்ட நீ என்ன சொன்னே?" என்று கேட்டான்.

அந்தப் பையன் என் அண்ணா என்றுகூட நான் சொல்லியிருக்கவில்லை.