பத்திரமாக வைத்த குப்பி

இரண்டு வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கே கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். எதற்கு? என் ஆய்வு மாணவி ஹேமாவுக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நிரூபிக்க!

எலியின் செல்களைத் தட்டில் வளர்க்கிறோம். அவற்றுக்குள் ஒரு மரபணுவை அனுப்ப வேண்டும். சும்மா ஊற்றினால் செல் உள்ளே விடாது. கொழுப்பில் பொதிந்து கொடுத்தால் விடும். போய்ச் சேர்ந்துவிட்டால், மைக்ராஸ்கோப்பில் செல் பச்சையாக ஒளிரும்.

நான்கு வாரமாக ஒன்றுகூட ஒளிரவில்லை. ஹேமாவின் ஆய்வுக் காலமோ அடுத்த மாதத்தோடு முடிகிறது.

“பிப்பெட்டையாவது ஒழுங்காப் பிடிக்கத் தெரியுமா உனக்கு?” என்று முந்தின நாள் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன். பிறகு வராந்தாவில் அம்மாவோடு போனில் அழுதுகொண்டிருந்தாள், சௌராஷ்டிரத்தில். எனக்கு அந்த மொழி தெரியாது. நடுநடுவே வந்த ‘மேம்’ மட்டும் நன்றாகப் புரிந்தது.

சரி, நானே செய்து காட்டுகிறேன் என்றுதான் அன்று அவ்வளவு சீக்கிரம் வந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால்... கொழுப்புக் குப்பியைக் காணோம்!

“சேகர் அண்ணே, இங்க இருந்த குப்பி எங்கே?”

அப்போதுதான் ஆய்வகத்தைத் திறந்துவிட்டிருந்த உதவியாளர் சேகர் அண்ணன், ஃப்ரீசரிலிருந்து அதை எடுத்து நீட்டினார். கல்லாக உறைந்திருந்தது.

“இதை உறைய விடவே கூடாதுண்ணே! யார் உள்ள வச்சது?”

“நான்தான் மேடம். ரொம்ப முக்கியம், பத்திரமாப் பாத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீக? கீழ்த்தட்டுல கூலிங் பத்தல. அதான் தெனம் சாயந்தரம் மேல வச்சிட்டு, காலைல எடுத்துக் கீழ வச்சிருவேன். ஒருநாகூட மறந்ததில்ல மேடம்.”

உறைந்து, உருகி, உறைந்து, உருகி... நான்கு வாரம்! அந்தக் கொழுப்பு எந்த மரபணுவைச் சுமக்கும்? கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்த? அவ்வளவு பொறுப்பாகக் கெடுத்திருக்கிறார் மனிதர். பத்திரம், பத்திரம் என்கிறோமே, எதிலிருந்து என்று ஒருநாளாவது சொல்கிறோமா?

பத்து மணிக்கு ஹேமா வந்தாள். எல்லார் முன்னாலும் திட்டிய நான், எல்லார் முன்னாலும் “சாரிம்மா” என்றேன்.

“பரவால்ல மேம்” என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

புதுக் குப்பி வந்தது. மறுபடி செய்தாள். நேற்று மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தால், இருட்டில் பச்சைப் புள்ளிகள்... அம்புட்டும் உயிரோடு! ஆசையாக ஃபோகஸைத் திருப்பப் போனேன்.

“மேம், கை வைக்காதீங்க. பாக்க மட்டும் செய்ங்க” என்றாள் ஹேமா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.