முள் குத்தாத கால்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கள் வீட்டார் கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்கிறவர்கள். மிஷன் சம்பளத்தில் மட்டும் அவர்களுக்கு ஆட்சேபம் கிடையாது. ஒரு சாரல் காலத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து சிலர் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய வருகிறார்கள், ஒருநாள் முழுக்கக் கூடவே நின்று அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார். நான் இங்கிலீஷில் பி.ஏ. படித்தவள். அதனால் யாராவது இங்கிலீஷ் பேசினால் எனக்குப் புரியும் என்று அவர் நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தவர்கள், காலையில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வேனில் வந்து இறங்கினார்கள். இளவட்டங்கள் பந்தும் பலூனும் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகள் அவர்களோடு ஒட்டிக்கொள்ள என் தயவு வேண்டியிருக்கவில்லை. நான் தேவைப்பட்டது ஒரே ஒருவருக்குத்தான். தலை பஞ்சாக நரைத்த ஒரு அம்மாள். இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதுபோல, தானும் பிள்ளைகளின் கால்களைக் கழுவ வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத் தங்கள் ஊர்க் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, கால் துடைக்கும் துண்டுகளுக்கு ஓரம் தைத்திருந்தார். மறுநாள் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். இந்த வயதுக்கு மேல் பயணமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆக, அவருக்கு இருந்தது அந்த ஒருநாள்தான்.

வகுப்பறையில் ஒரு பெஞ்சு போட்டு, அதன் முன்னால் பெரிய பேசினில் தண்ணீர் வைத்தோம். அம்மாள் தரையில் முழங்காலிட்டு நெடுநேரம் பேசினார். அவ்வளவையும் நான், "காலக் கழுவப் போறாங்க, ஒவ்வொருத்தரா வந்து உக்காருங்க" என்று சொல்லி முடித்தேன்.

யாரும் வரவில்லை. ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்துகொண்டார்கள்.

எனக்குக் காரணம் தெரியும். பெரியவர்கள் சின்னவர்கள் காலைத் தொட்டால் சின்னவர்களுக்கு ஆயுசு குறையும். அதில் கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளைகள், சாமி கும்பிடுகிற பிள்ளைகள் என்ற வித்தியாசமே எங்கள் பக்கம் இல்லை. இத்தனை தூரம் வந்திருக்கிற மனுஷியிடம், நீங்கள் தொட்டால் பிள்ளைகள் சீக்கிரம் செத்துப்போகும் என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? கூச்சப்படுகிறார்கள் என்றேன்.

கடைசியில் குத்துக்கல்வலசையிலிருந்து வருகிற ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். வாய்த்துடுக்கு உள்ளவள், பயப்பட மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காத வீடு அது. ஆயுசு விஷயத்தில் அங்கே யாரும் விளையாட மாட்டார்கள்.

"டீச்சர், நான் மொதல்ல ஆச்சி கால்ல விழுந்து கும்பிட்டுக்கிடுதேன். பொறவு வேணா கழுவட்டும்" என்றாள்.

பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டால் ஆயுசு கூடும், கழுவுவதில் குறைவது அதில் சரியாகிவிடும். நியாயமான ஏற்பாடாகத்தான் எனக்குப் பட்டது. அவள் குனிந்ததும் அம்மாள் பதறி எழுந்து பின்னால் நகர்ந்துவிட்டார். மனிதர் காலில் மனிதர் விழுவது பாவம், கடவுள் முன்னால் மட்டும்தான் முழங்காலிட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு மறுபடி அவள் முன்னால் முழங்காலிட்டார். சிறுமி பின்வாசல் வழியாக ஓட்டமெடுத்தாள். மற்றப் பிள்ளைகளும் வெளியே நழுவினார்கள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே பலூன் வெடிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. அம்மாள் ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். காலையிலிருந்து அவர்மேல் எனக்கு எரிச்சல்தான். அந்தத் துண்டைப் பார்த்த பிறகு பாவமாக இருந்தது.

ஓடிப்போன சிறுமி நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்துப் பின்வேலியில் உடைமரம் உண்டு. அதன் முள் குதிகாலில் ஏறியிருந்தது. அம்மாள் என்னை ஒன்றும் கேட்காமல் அவளைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்து, காலை மடியில் வாங்கி, ஊக்கால் நெம்பி முள்ளை எடுத்தார். ரத்தத்தைக் கழுவினார். கழுவின கையோடு மற்றக் காலையும் கழுவித் துண்டால் துடைத்தார். அவள் அசையாமல் இருந்தாள்.

வெளியே போய் அவள் மற்றப் பிள்ளைகளிடம் தீர்ப்புச் சொன்னாள்.

"முள்ளு எடுக்கதுக்குக் காலத் தொட்டா ஒண்ணும் ஆகாதுலா."

அது உண்மைதான். முள் குத்தினால் யார் காலை யாரும் பிடிக்கலாம். அதற்கு எந்த வீட்டிலும் தடை இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பையன் நொண்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு பள்ளிக்கூடமே நொண்டிக்கொண்டு வந்தது. யார் காலிலும் முள் இல்லை. கேட்டால் இப்போதுதான் விழுந்தது என்று, வேலியில் ஒடித்துவந்த முள்ளைக் கையில் காட்டினார்கள். காட்டிய முள்ளை அங்கேயே தரையில் போட்டார்கள். இந்த ஊரில் இவ்வளவு முள்ளா என்று அம்மாள் கேட்டார். நிறைய என்றேன். தண்ணீர் தெறித்து நனைந்த ஜோடுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வெறுங்காலோடு கழுவிக்கொண்டே இருந்தார். அத்தனை துண்டும் நனைந்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அம்மாள் எழுந்து ஓர் அடி வைத்தார். பிள்ளைகள் போட்ட முள் ஒன்று அவர் பாதத்தில் ஏறிவிட்டது.

நாங்கள் யாரும் நகர்வதற்குள் குத்துக்கல்வலசைச் சிறுமி அவரை பெஞ்சில் உட்காரவைத்தாள். காலை மடியில் வாங்கி, ஊக்கால் முள்ளை எடுத்தாள். எடுத்ததும் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாள் காலை இழுக்கப் பார்த்தார். அதற்குள் அது முடிந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்து வரிசையில் நின்றார்கள்.

இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

அன்றைக்கு முதல் தடவையாக நான் எதையும் சுருக்காமல் சொன்னேன். அவர்கள் காலில் முள் எதுவும் இல்லை என்றேன். நீங்கள் தொட்டதால் ஆயுசு குறைந்திருக்கும் என்று நம்புகிறார்கள் என்றேன். உங்கள் காலைத் தொட்டால் அது சரியாகிவிடும், அதற்காக நிற்கிறார்கள் என்றேன்.

"குறையும் என்று தெரிந்துமா என்னிடம் வந்தார்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அம்மாள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினார், எல்லாம் ஈரம். புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, முள் எடுத்த காலுக்குப் பக்கத்தில், முள் குத்தாத காலையும் நீட்டினார்.