பாவாயம்மாள் தட்டுவடையும் பொட்டு வைத்த லேபிளும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சேலத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். ஒரு காலத்தில் என் தட்டுவடைப் பெட்டிகளைக் கூரைமேல் ஏற்றிக் கட்டியவர். "ஏனுங்க ஏஜண்டு, உங்களுக்குச் சேதி வந்துச்சுங்களா? பாவாயம்மா போயிட்டாங்களாமுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். எனக்குச் சொல்லி அனுப்ப அந்த வீட்டில் யாரும் இல்லை. சேலம் திரும்பும் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. உண்மை தெரிந்தவர்களில் இனி மிச்சம் நான் ஒருவன்தான் என்கிற பயம்.

இதைப் படிப்பவர்களில் இளையவர்களுக்குப் பாவாயம்மாள் என்றால் யுத்த காலத்தில் விஷப் பொட்டலம் விற்ற பெண்பிள்ளை. கொஞ்சம் மூத்தவர்களுக்குச் சேலம் ஜங்ஷனில் ரயில் நின்றதும் ஜன்னல் வழியே கேட்டு வாங்கிய தட்டுவடை. இரண்டில் எது நிஜம் என்று என்னைப் போலச் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை. பதினாறு வருஷம் அவர் கம்பெனியின் ஏஜண்டாக இருந்தேன். அவர் பேர் கெட்டுப்போகக் காரணமும் நான்தான். அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

அவர் பிறந்தது வெண்ணந்தூர் நெசவாளர் தெருவில். கட்டிக்கொடுத்தது சேலத்தில். இருபது வயதில் புருஷன் போய்த் தாலி இறங்கியது. பிள்ளை குட்டி இல்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் அடுப்பு போட்டு, அரிசி மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துத் தட்டுவடை சுட்டு, மில் வாசலில் கூடையில் வைத்து விற்றார். நான் அப்போது ஒரு சோப்புக் கம்பெனிக்குச் சந்தை சந்தையாக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வாங்கித் தின்றுவிட்டு, இதை ஊர் ஊராகக் கொண்டுபோகலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. உடைந்துபோகுமே, நமுத்துப்போகுமே என்று கேட்டார். மறு வாரம் போனபோது பதிலும் அவரே வைத்திருந்தார். பத்துத் தட்டுவடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெழுகுத் தாளில் இறுக்கச் சுருட்டி, இரண்டு முனையையும் மாவுப் பசையால் ஒட்டியிருந்தார். அதைத் தரையில் ஓங்கிப் போட்டார். பிரித்தபோது ஒன்றுகூட விண்டிருக்கவில்லை.

பொட்டலம் என்றால் அதற்கு ஒரு முகம் வேண்டும். அந்தக் காலத்துப் பலகாரக் கம்பெனிகள் லட்சுமி, கிளி, மயில் என்று எதையாவது போட்டுக்கொண்டிருந்தன. உங்கள் படத்தையே போடலாம், வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றேன். ஒப்புக்கொண்டார். கல் அச்சாபீஸில் படம் எழுதுகிறவர் வந்தார். எழுதி முடித்துவிட்டு, நெற்றியில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடட்டுமா, மூளி நெற்றியோடு இருந்தால் யார் வாங்குவார்கள் என்று என்னிடம் காதோடு கேட்டார். அக்காவின் காதில் விழுந்துவிட்டது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நெத்தி எப்படி இருக்குதோ அப்படியே எழுதச் சொல்லுங்க தம்பி. மொகத்துலயே பொய்யச் சொல்லிப்போட்டு, உள்ள இருக்கறத நெசம்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அப்படியே அச்சாயிற்று. வெறும் நெற்றியும் வெள்ளைச் சேலையுமாக அவர் முகம், கீழே 'வெண்ணந்தூர் பாவாயம்மாள் தட்டுவடை, சேலம்'. பிறந்த ஊரின் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் மாட்டு வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி என்று சந்தைகளைச் சுற்றினேன். நோட்டீஸ் வீசினேன். கூடாரக் கொட்டகைகளில் படம் போடுமுன் கண்ணாடிச் சட்டத்தில் எழுதி விளம்பரம் காட்டினேன். அந்த நாளில் பிஸ்கோத்துகூட தேக புஷ்டி தரும், சொப்பன பயம் போக்கும் என்று அச்சடித்துத்தான் விற்பார்கள். நானும் நோட்டீஸில் 'ஜீரண சக்தி தரும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, திங்கறதுக்குத்தானே செய்கிறோம், வைத்தியம் பார்க்கவா என்று கேட்டு, மொத்த நோட்டீஸிலும் அந்த வரியை மையால் அடிக்கவைத்தார். இரண்டு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே அடித்தேன்.

ஜங்ஷனிலும் மில்களிலும் சரக்கு பறந்தது. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைக்காரர்கள் மட்டும் தொடமாட்டேன் என்றார்கள். காலையில் கடை திறந்ததும் இந்த முகத்திலா முழிப்பது என்று மூஞ்சிக்கு நேரே கேட்டார்கள். கல்யாணச் சீர்த்தட்டில் எவன் வைப்பான், தீபாவளிக்கு எவன் வாங்குவான் என்றார்கள். அவர்களில் ஒரு பெரிய வியாபாரி, பொட்டு மட்டும் வைத்துக் கொடு, தீபாவளிக்கு எத்தனை வண்டி வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஆகையால் பெயர் வேண்டாம்.

எனக்குச் சபலம் தட்டியது. அக்காவைக் கேட்காமலேயே அச்சாபீஸில் சொல்லி, நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த லேபிள்கள் ஒரு பெரிய கட்டு அடிக்கவைத்து, நேரே அந்த வியாபாரியின் கிடங்கில் இறக்கினேன். சரக்கைப் பார்த்துவிட்டால் அக்கா மனசு மாறிவிடுவார் என்று எண்ணம். ஒரு கைப்பிடி லேபிளை எடுத்துப்போய்க் காட்டினேன்.

அவர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்தப் பொட்டைத் தேய்த்தார். அச்சு மை அழியவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. "எல்லாத்தையும் கொண்டாந்து அடுப்புல போட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்ததை அவர் கண்முன்னே போட்டேன். மீதியை நாளைக்குக் கொண்டுவந்து எரிக்கிறேன் என்றேன். போனேன். தாளை எதற்கு ஐயா வீணாக எரிக்கிறாய், பொட்டலம் மடிக்க ஆகும், இங்கேயே கிடக்கட்டும் என்றார் வியாபாரி. எனக்கும் எரிக்க மனம் வரவில்லை. அத்தனை லட்சணமாக இருந்தது. விட்டுவிட்டு வந்து, எரித்தாயிற்று அக்கா என்று சொன்னேன். அவர் நம்பினார்.

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்கு ரேஷன். கடலை எண்ணெய் கண்ணிலேயே படவில்லை. கிடைத்ததை வாங்கி அக்கா ஒரு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். நல்ல எண்ணெய் வரும்வரை அடுப்பு எரிய வேண்டாம் என்று பலகாரம் சுட்ட எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்பினார். நூல் சுற்றி வயிற்றைக் கழுவினார். கம்பெனி பூட்டி ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும், வெண்ணந்தூரில் சனங்களுக்குக் கால் வீங்குகிறது என்று பேச்சு வந்தது. முதலில் கால், பிறகு வயிறு, பிறகு மூச்சு. எல்லாம் நெசவாளர் வீடுகள். சோற்றுக்கு அரிசி இல்லாமல், மலிவாக வந்த தட்டுவடைப் பொட்டலத்தை வாரக்கணக்கில் ஒரு வேளைச் சாப்பாடாகத் தின்றவர்கள். தரிசுக் காட்டில் முள்ளோடு மஞ்சள் பூப் பூத்து நிற்கும் குடியோட்டிப் பூண்டின் விதையை ஆட்டி, கடலை எண்ணெயில் கலந்து எவனோ சுட்டிருந்தான். ஐந்து பேர் செத்துப்போனார்கள். அர்த்தனாரி என்கிற நெசவாளிக்கு இரண்டு பிள்ளைகளும் போய்விட்டன.

சுகாதார இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு வந்தபோது நானும் இருந்தேன். அணைந்து கிடந்த அடுப்பு மேடையில் ஒரு பொட்டலத் தாளை விரித்தார். வெள்ளைச் சேலை, அக்காவின் முகம், நெற்றியில் சிவப்புப் பொட்டு. வியாபாரியின் கிடங்கில் நான் எரிக்காமல் விட்டுவந்த லேபிள். அக்கா லேபிளைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. எரித்தாயிற்று என்று நான் சொன்னது பொய் என்பது அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இது உங்கள் மார்க்குதானே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மொகம் என்னுதுதானுங்க" என்றார் அக்கா.

அடுப்பு எரியவே இல்லை என்று சாட்சி சொல்ல அந்த எட்டுப் பெண்களும் கோர்ட்டுக் கச்சேரிக்குப் புறப்பட்டார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அடுப்பு எரியவில்லை என்றால், லேபிளை அடித்தது யார் என்று கேள்வி வரும். அச்சாபீஸ்காரர் என்னைக் கைகாட்டுவார். அன்று சாயங்காலம் அவர் காலில் விழுந்தேன். எழுப்பவும் இல்லை, உதைக்கவும் இல்லை.

"நீங்க உள்ள போயிட்டா உங்க ஊட்டுல நாலு உசுரு நிக்குது. எனக்கு ஆரு இருக்கறா? பேரு ஒண்ணுதான். போவட்டும்" என்றார். விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, "உங்களுக்கா என்னிக்காச்சும் சொல்லோணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

அபராதம் விதித்துக் கம்பெனிக்கு முத்திரை வைத்தார்கள். அது பெரிதல்ல. தீர்ப்பு ஆன மூன்றாம் நாள் அர்த்தனாரி வெண்ணந்தூரிலிருந்து நடந்தே வந்தார். குழந்தையாக இருந்தபோது அக்கா இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை அவர். சந்தில் நின்று, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அக்காவின் மேல் தூற்றினார். வாய் திறந்து ஏசக்கூட அவருக்குத் தெம்பில்லை. அக்கா நகரவில்லை, முகத்தை மூடவும் இல்லை. நான் நாலடி தள்ளி நின்றேன். அது என்மேல் விழவேண்டிய மண். வாய் திறந்தேனா? இல்லை. அவர் போனபிறகு பக்கத்து வீட்டம்மாள் விளக்குமாறு எடுத்து வந்தார். கூட்ட வேண்டாம், அது கிடக்கட்டும் என்றார் அக்கா.

பிறகு அவர் வெண்ணந்தூருக்குப் போகவே இல்லை. கூடப்பிறந்த அண்ணன் செத்ததைக்கூட அவருக்குச் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் யாரோ சொல்லித் தெரிந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நூல் சுற்றினார். சந்தில் போகிறவர்கள் அவர் வீட்டைத் தாண்டும்போது பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொள்வார்கள். நான் நாமக்கல்லுக்குக் குடிவந்து லாரி ஆபீஸில் கணக்குப்பிள்ளையானேன். மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். பெண்டாட்டி சுகமா, பெரியவள் படிக்கிறாளா என்று விசாரிப்பார். அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார். சொன்னபடியே கேட்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, என் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அடுத்த மாதம் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, பலகாரம் சுட்ட பெண்களில் இருவர் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வெண்ணந்தூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. தூக்கிப்போனவர்கள் நாலு பேர். கொள்ளி வைக்க யார் என்று வெட்டியான் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏஜண்டு அவருக்குத் தம்பி மாதிரி, கடைசிவரை கைவிடவில்லை என்று ஒருவர் சொன்னார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொள்ளியை வாங்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று வெண்ணந்தூர் போனேன். அச்சில் வருமுன் அர்த்தனாரிக்குத் தெரியவேண்டும். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டினேன். எந்த வரியையும் விடவில்லை. அவர் கால்கள் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. தறி நின்றிருந்தது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"ரெண்டு புள்ளைங்களப் பறிகுடுத்தேன். அந்த வயித்தெரிச்சலுக்கு அவங்க மேல மண்ண வாரித் தூத்துனேன். அதுலதானுங்க இத்தன வருசம் கொஞ்சம் ஆறியிருந்தேன். இப்ப வந்து அதுவும் தப்புங்கறீங்க. அவங்க உசுரோட இருக்கறப்பச் சொல்லியிருந்தீங்கன்னா, ஓடிப்போயிக் கால்லயாச்சும் உழுந்திருப்பேன். இனி நான் ஆரு கால்ல போயி உழுவறதுங்க?" என்றார்.

காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். இந்தக் கட்டுரை அச்சான பிறகு எந்தக் கச்சேரியில் கூப்பிட்டாலும் வந்து நிற்பேன். அது பெரிய வீரம் ஒன்றுமில்லை, கேட்கவேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அர்த்தனாரி வாசலுக்கு வந்து, சேலம் போகும் ரோட்டைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டபடி நின்றார். அப்படிக் கும்பிட எனக்கு யோக்கியதை இல்லை, அக்கா. போய் வாருங்கள்.