கழற்ற முடியாத நம்பர் போர்டுகள்

வண்டி வாங்குகிறவர் வண்டிக்காகக் காத்திருப்பதைவிட நம்பர் போர்டுக்காகத்தான் அதிகம் காத்திருக்கிறார். அந்த எரிச்சலை வாங்கிக் கட்டிக்கொள்ள ஷோரூமில் ஓர் ஆள் உண்டு, அது நான்.

ஓசூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் போர்டு மாட்டுகிறேன். படித்தது பாரூர் பக்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பிளஸ் டூ வரை. இப்போது வரும் போர்டுகளுக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒரு தடவை அழுத்திவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் மறுபடி எழுதிப் போட்டுவிட்டு, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"மூணு மாசம் பாக்கறேன்மா. ஒரு போர்டு வீணாச்சுன்னாலும் வேற ஆள் பாத்துக்குவேன்" என்று மேனேஜர் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். இது போனால் எனக்குக் கம்பெனி ஷிப்ட்தான். விடிவதற்கு முன்பே நான் கம்பெனி பஸ் ஏறிவிட்டால், யுகேஜி போகும் என் மகளுக்குத் தலை பின்னுவது யார்? அவள் அப்பா ஒருநாள் பின்னிவிட்டார். டீச்சர் போன் செய்து, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

போக ஒன்று, வர ஒன்று

ஒருவர் ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை. "முன்னாடி கேஏ போர்டு, பின்னாடி டிஎன் போர்டு மாட்டிக் குடும்மா. அத்திப்பள்ளி பார்டர் தாண்டறப்ப போலீஸ் முன்னாடிதான் பாக்கறாங்க" என்றார்.

"ஒரு வண்டிக்கு ஒரே நம்பர்தாங்கண்ணா. கவர்மென்ட் ரூல்" என்றேன். ஆள் அசையவில்லை. சரி, அவர் வழியிலேயே போவோம் என்று, "சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்பவும் முன்னாடி கேஏதானே இருக்கும்? நம்ம ஊர் போலீஸ் நிறுத்தினா?" என்று கேட்டேன். கையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப ரிவர்ஸ்லதான் வரணும்."

எட்டு

காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு 2501 வந்தது. கூட்டினால் எட்டு. மனிதர் முகம் செத்துவிட்டது. தகட்டில் எண்கள் புடைத்துக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தக் கடைசி ஒன்றை மட்டும் சுத்தியலால் தட்டி அமுக்கிவிடச் சொன்னார். வீணாகும் முதல் போர்டு இதுதான் என்று நினைத்தேன்.

"அமுக்கினாலும் ஒண்ணு ஒண்ணுதானேங்க?" என்று போர்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அழிக்க வேணாங்கம்மா, சனீஸ்வரன் கண்ணுக்குப் படாத அளவுக்குத் தட்டினாப் போதும்."

பச்சை போர்டு

பேட்டரி வண்டிக்குப் பச்சை போர்டு. மகன் வாங்கித் தந்த வண்டியை எடுக்க வந்த பெரியவர், நான் இரண்டு பூட்டையும் அழுத்தி முடிக்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்கண்ணு, சார்ஜு தீந்தா இது செவப்பாயிருமா?"

"ஆகாதுங்க தாத்தா. எப்பவும் பச்சைதான்."

"அப்ப நடு ரோட்ல நின்னாத்தான் தெரியுமா? எங்கூட்டு செல்போனே தேவல."

வெள்ளைச் சட்டை

என் மூன்று மாதம் முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. அன்று வெள்ளிக்கிழமை, மேனேஜரே தன் மனைவிக்குப் புது ஸ்கூட்டர் எடுத்தார். பத்தரைக்கு ராகு காலம். பத்தே காலுக்கு அந்த அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். "நம்ம வண்டிக்கு நம்ம கைதான்" என்று மேனேஜர் என்னிடமிருந்து போர்டை வாங்கிக்கொண்டார். கோயிலுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டை. மண்டியிட்டால் கிரீஸ் ஆகிவிடும். அதனால் சீட் மேல் குப்புறப் படுத்து, பின்பக்கமாகத் தலையைத் தொங்கப்போட்டு, எண்ணை நன்றாகப் படித்துப் பார்த்து இரண்டு பூட்டையும் அழுத்திவிட்டார். நான் "சார், சார்" என்றது அவர் காதில் ஏறவில்லை.

எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். போர்டு தலைகீழாக இருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தவருக்கு மட்டும்தான் அது நேர்.

பதிவேட்டில் அந்தப் போர்டு என் பெயரில் இருக்கிறது. வீணானால் என் கணக்கு. அக்கா வண்டியைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏங்க, இதைப் படிக்கறதுக்கு டிராபிக் போலீஸ் எல்லாம் உங்களாட்டம் குப்புற விழணுமா?" என்றார். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கம்மா. இந்த போர்டை எலி கடிச்சிருச்சுன்னு எழுதிரு."

ஆக, என் வேலை நிரந்தரமானதற்குக் காரணம் பாதி என் கைத்திறமை, மீதி அலுமினியம் தின்கிற எலி.