முத்து காயும்வரை பொறுத்த பிள்ளை

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. மாரியாத்தா இறங்கியிருக்கும் வீட்டை எட்டிப் பார்க்காவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாளாம். அதனால் எட்டு மாத வயிற்றோடு இருந்த என் கையில் இளநீரைக் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு, கும்பிட்டுட்டு வா புள்ள" என்று அனுப்பினார் மாமியார். நானும் போனேன். இரண்டு வாரம் கழித்து எனக்கே காய்ச்சல் வந்து, முதுகெல்லாம் முத்து முத்தாகக் கிளம்பியது.

இலங்கை மலைநாட்டு லிந்துலைக் குளிரில் வேம்பு எங்கே வளர்கிறது? பஜாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஒரு கட்டு வேப்பிலை வரவழைத்துக் கொடுத்தார். மாமியார் அதைப் பரப்பி என்னைப் படுக்கவைத்தார். மருந்து என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

செய்தி கேட்டுத் தோட்டத்து மருத்துவிச்சி ஓடி வந்தார்.

"பெரியம்மா, முத்து பச்சையா இருக்கறப்ப புள்ள பொறந்தா அதுக்கும் போட்டுரும். பச்சப்புள்ள தாங்காதுங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"ஆத்தா இருக்கறப்ப படி தாண்டுனா குத்தம். தலைக்குத் தண்ணி ஊத்தாம எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அத்தே, ஆத்தாவும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரட்டுமே!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மருத்துவிச்சி கெட்டிக்காரி. "சரிங்க பெரியம்மா, இங்கயே பெத்துக்கட்டும். ஆத்தா முன்னாலயே பேறுகாலத் தீட்டு ஆகட்டும். எனக்கென்ன?" என்று திரும்பி நடந்தார்.

மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவரே என் துணிகளை மூட்டை கட்டி, மேலே வேப்பிலைக் கொத்தையும் செருகி, தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டார். எனக்காகவும் பிள்ளைக்காகவும் அசையாத மனுஷி, தீட்டு என்றதும் அசைந்தாரே என்று வழியெல்லாம் பொருமினேன். எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். என் உடம்பு அம்மையை எதிர்த்து நிற்கப் பழகினால் அந்தப் பலம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், அதற்குச் சில நாள் வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலையில் "வலி இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்றால் அவர் முகம் மலரும். நான் வயிற்றைத் தடவித் தடவித் திட்டினேன். "இப்ப வந்தியோ, தோலை உரிச்சுப்புடுவேன். உள்ளயே கெட!" தமிழ் தெரிந்த சிங்கள நர்ஸ் ஒருத்தி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிள்ளை பேச்சைக் கேட்டது. முத்தெல்லாம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்த பிறகுதான் வலி எடுத்தது. பெண் பிள்ளை. நல்ல குரல். ஆனாலும் அம்மை பிந்தியும் கிளம்பலாம், கொஞ்ச நாள் கவனித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார் டாக்டர். பயம் என்னைத் தின்றது. பால் கொடுக்கும்போதெல்லாம் துணியை விலக்கி, விரலிடுக்குவரை தேடினேன்.

ஒருநாள் காலை, காதுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு புள்ளி!

"ஐயோ, எம்புள்ளைக்குப் போட்டிருச்சே!" என்று நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடி வந்தார். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் தலையணையைப் புரட்டினார்.

"மூட்டைப்பூச்சி!"

படுக்கையைச் சுத்தம் செய்யாத ஆட்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். மூட்டைப்பூச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டவள் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.