மாலை கழற்றும் நாள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பவர்லூம் ஓட்டுகிற அண்ணாதுரைக்கு வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் குடி கிடையாது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். கறுப்பு வேட்டி, விடிகாலைக் குளியல், தரையில் படுக்கை, எல்லாம் அச்சுப் பிசகாமல் நடக்கும். மலைக்குப் போய்வந்து குருசாமி மாலையைக் கழற்றினால், அன்று சாயங்காலமே ஆள் வைன்ஷாப்பில் நிற்பார். பதினோரு வருடமாக இதே கதைதான். "நெனச்சா வுட்டுடுவேன், பாக்கறீங்கல்ல?" என்று மார்தட்டிக்கொள்வார். நாற்பத்தெட்டு நாள் விட முடிகிறவன் குடிகாரன் இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட மனுஷனிடம் யார் என்ன பேசுவது?

பேசியது மகள் ஹரிதாதான், பத்தாவது படிக்கிறவள். இந்த வருடம் மலைக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா, இந்த வாட்டி மாலைய கழட்டாத. அப்டியே இருந்துடு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரோஜா, அவர் மனைவி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலைக்குப் போய்வந்தால் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றினால் குடிப்பார். அன்று தறி முன்னால் நிற்கையில் அண்ணாதுரைக்கு முதல் தடவையாகத் தன்னை நினைத்தே பயம் வந்தது.

பக்கத்து ஊரான புத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில், குடியை விட நினைப்பவர்களுக்கு என்று எழுதியிருந்த போன் நம்பரை அவர் பலமுறை பார்த்ததுண்டு. மறுநாளே புத்தூர் போய் அதைக் கூப்பிட்டார். சுனில் என்று ஒருவன் பேசினான். திருப்பதியில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட அறையில், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை மீட்டிங் என்றான்.

ஞாயிறன்று திருப்பதியில் இறங்கி, ஆட்டோவில் ஏறி, சர்ச்சு பெயரைச் சொன்னார். டிரைவர் மாலையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான்.

"சர்ச்சுலயா? அங்க இன்னா வேல சாமி?"

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் சறுக்கினார். கழுத்தில் மாலையோடு குடிகாரர்கள் கூட்டத்துக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "பஜனைக்கு" என்றார். பாவம் சாமிக்கு இடம் தெரியவில்லை என்று டிரைவரே முடிவுசெய்து, நேராக ஐயப்ப பஜனை நடக்கிற மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

உள்ளேயிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். "ரண்டி சாமி, வாங்க சாமி" என்று கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சரணம் சொல்லி முடிவதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. சுனிலின் போன் அணைந்திருந்தது. அண்ணாதுரைக்கு முன்னால் இலை விழுந்தது, சோறும் விழுந்தது. பேசாமல் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம். தேடினேன், கிடைக்கவில்லை என்றால் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. அந்தச் சாக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இலையைத் தொடாமல் எழுந்தார். நூறு சாமிகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சாமிங்களே, குடிய வுடறவங்க கூடற எடம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் பின்னால கீதாம். எனக்கு அங்க போவணும். யாருக்குனா தெரியுமா?"

மண்டபத்தில் பேச்சு மூச்சில்லை. தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியவருக்கு அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் உட்காரவில்லை. அந்த மனுஷனின் தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, வணங்கத் தோன்றுகிறது.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாமி வாளியைக் கீழே வைத்தார். "எங்க அண்ணன் அங்கதான் போறாரு. வாங்க சாமி, வண்டில வுட்டுடறேன்."

போய்ச் சேர்ந்தபோது மீட்டிங் முடியப் பத்து நிமிடம் இருந்தது. "பர்வாலேது, லேட்டானா இன்னா, உக்காருங்க" என்று சுனில் நாற்காலி போட்டான். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்றும் சொன்னார்கள். அண்ணாதுரையின் முறை வந்ததும் கை மாலையைப் பற்றிக்கொண்டது.

"இத்த போட்டுகினு அந்த வார்த்தைய எப்படிங்க சொல்றது?"

"கழட்டற அன்னிக்கு வந்து சொல்லுங்க. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கூடறோம்" என்றான் சுனில்.

மலைக்குப் போய்த் திரும்பினார். குருசாமி மாலையைக் கழற்றிய மத்தியானம், கூட்டாளிகள் வைன்ஷாப்பிலிருந்து மூன்று தடவை போன் செய்தார்கள். அவர் வீட்டுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. கோயில் வாசலிலிருந்து நேராகத் திருப்பதி பஸ்ஸில் ஏறினார். ஆறு மணிக்கு அந்த அறையில் எழுந்து நின்றார்.

"என் பேரு அண்ணாதுரை. நான் குடிகாரன். இன்னிக்கு மாலைய கழட்டினேன். இன்னும் குடிக்கல."

கைதட்டல் ஓய்ந்து வெளியே வந்ததும் போன் அடித்தது. ஹரிதா. மாலை கழற்றும் நாளில் ரோஜாவும் அவளும் வெளிச்சம் போவதற்குள் சாப்பிட்டுக் கதவைத் தாழிட்டுவிடுவார்கள், எல்லா வருடமும்.

"எங்க கீற நைனா?"

"திருப்பதில. மீட்டிங்குக்கு வந்தேன். குடிக்கல கண்ணு."

அவள் அதை அம்மாவிடம் சொல்வது போனில் கேட்டது.

"சீக்கிரம் வா. நானும் அம்மாவும் துன்னாம ஒக்காந்துகினு கீறோம்."